ஐநூற்றேழாம் அறையின் கால்கள்

எழுச்சி மறுவாழ்வு மருத்துவமனையில் காலுக்குக் கிடைத்த மரியாதை, அந்தக் காலின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஆளுக்குக் கிடைத்ததில்லை. காலுக்கு அடையாள எண் உண்டு. காலுக்குத் தனிப் புகைப்படம் உண்டு. காலைப் பற்றிப் பேசுவதற்கென்றே மூன்று குழுக்கள் கூடி, பார்லி டீ குடித்துவிட்டுக் கலைந்தன. வலது முழங்காலில் அறுவை முடிந்து தொகிம் என்ற அறுபத்து மூன்று வயதுப் பெண் அங்கே வந்து சேர்ந்தபோது, வாசலில் தொங்கிய பதாகையில் 'நல்வரவு, முழங்காலே!' என்று எழுதியிருந்தது. தன்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் உறைபனி விழுவதற்குள் சாங்ஜூ ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டைச் சுற்றிலும் காம் என்கிற பெர்சிமன் பழ மரங்கள். பழம் ஆரஞ்சு நிறம் ஏறி, இன்னும் கெட்டியாக இருக்கும்போதே பறித்து, தோல் சீவி, சரம் கட்டித் தாழ்வாரத்தில் காயப் போட்டுவிட வேண்டும். பனி பட்டுவிட்டால் அத்தனையும் மரத்திலேயே குழைந்துபோகும். சியோலில் வேலை பார்க்கும் மகன் ஜேபொம் அவளிடம் கறாராகச் சொல்லியிருந்தான்.

"பாஸ் பண்ணுனா வீட்டுக்குப் போங்கம்மா. இல்லன்னா குளிர்காலம் முடியற வரைக்கும் முதியோர் மருத்துவமனையில இருங்க. தோப்ப யாருக்காவது விட்டுடலாம்."

அது எந்தக் குளிர்காலம் முடிகிற வரைக்கும் என்று அவன் சொல்லவில்லை. அவள் தெருவிலிருந்து அப்படிப் போனவர்கள் யாரும் வசந்தத்தில் திரும்பி வரவில்லை.

பாஸ் என்பது ஒரு ரப்பர் பட்டையின் கையில் இருந்தது. உயரமான நாற்காலியில் உட்கார வேண்டும். பச்சை நிறப் பட்டையின் ஒரு முனையை நாற்காலிக் காலிலும் மறு முனையைக் கணுக்காலிலும் மாட்டுவார்கள். மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டி டக், டக் என்று தாளம் போடும். தாளத்துக்கு ஒன்றாகக் காலை நீட்டி மடக்க வேண்டும். தாளம் தவறினாலோ, "போதும்" என்று சொன்னாலோ, அந்த இடத்தில் கணக்கு முடிந்தது. முப்பது வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இவ்வளவோடு விட்டால் அது என்ன நிறுவனம்? பட்டை கண்ணாடி அலமாரியில் வெல்வெட் துணிமேல் படுத்திருக்கும். வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் அதைத் தாம்பாளத்தில் ஏந்திவருவார். நோயாளி வலது கையை நெஞ்சில் வைத்து, "என் காலைக்கொண்டு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று உறுதிமொழி எடுப்பாள். பிறகு எல்லாரும் முஷ்டியை உயர்த்தி ஒரு படம். சோதனை முடிந்ததும் இன்னொரு படம்.

தொகிமுக்கு ஐந்தாம் மாடியில் ஐநூற்றேழாம் அறை. ஆறு கட்டில், ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் முழங்கால். உள்ளே நுழைந்தவளிடம் யாரும் பெயரைக் கேட்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து முதல் கேள்வி வந்தது. அங்கே வயதைச் சொல்வது, பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுழன்றுவரும் வருஷங்களை வைத்துத்தான்.

"எந்த வருஷம்டி பொறந்த?"

"மாட்டு வருஷம்க்கா."

"அட, பச்சக் குழந்த! இனி நீதான் இந்த ரூமுக்குக் கடைக்குட்டி. தண்ணி பிடிச்சு வைக்கறது உன் வேல. நான் ஆட்டு வருஷம். எம்பத்தொண்ணு."

அவள்தான் அறைத் தலைவி சொக் புன்னம். அந்த மாடிக்கே அவள் பெரியக்கா. சாப்பாட்டுத் தட்டு வந்தால் பெரியக்கா கரண்டியைத் தூக்குகிற வரைக்கும் மற்ற ஐந்து கரண்டியும் மேஜையை விட்டு எழும்பாது. தொலைக்காட்சியில் எந்த நாடகம் ஓட வேண்டும், ஜன்னல் எவ்வளவு திறந்திருக்க வேண்டும், யாருடைய மருமகளைத் திட்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. யாரும் இதை எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியதையெல்லாம் யாரும் மதிக்கவுமில்லை.

முதல் சோதனை நாளன்று ஆறு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் செரின், இருபத்தைந்து வயதுப் பெண், பெட்டியைத் தட்டிவிட்டாள். பெரியக்கா முதலில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்திரண்டு வரை நீட்டி, "போதும்" என்றாள். கைதட்டல். அடுத்தவளுக்கு எழுபத்தெட்டு வயது. இருபத்தொன்று. அதற்கடுத்தவள் இருபது. அப்படியே வயது வாரியாக இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்துக் கட்டில் மல்சுக்குக்கு அறுபத்தாறு வயது. ஒரு சொட்டு வியர்வையில்லாமல் பதினெட்டில் நிறுத்திவிட்டு, ரொம்பக் களைத்தவள்போல் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாகத் தொகிம். ஆயுசு முழுக்கத் தோப்பில் ஏணி தூக்கிய கால். பட்டை அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பதினேழு, பதினெட்டு என்று தாளத்தோடு ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தவள் பத்தொன்பதைத் தொட்டபோது மல்சுக் இருமினாள். இருபதில் இன்னொரு அக்கா பெருமூச்சு விட்டாள். இருபத்தொன்றில் அறையே அமைதியானது. பெரியக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொகிமுக்குக் காது வரை சூடேறியது. காலைச் சட்டென்று கீழே போட்டாள்.

"தாளம் தப்பிருச்சு டீச்சர். மொதல்லருந்து எண்ணிக்கலாமா?"

இரண்டாவது முறை பதினேழில் நிறுத்தினாள். அறை மூச்சு விட்டது. மல்சுக் அவள் தொடையைத் தட்டிக்கொடுத்தாள். "நல்லா வளர்த்திருக்காங்க உன்ன. நான் வந்த புதுசுல இருபத்தஞ்சு போயிட்டு, ஒரு வாரம் என்கிட்ட ஒருத்தியும் பேசல, தெரியுமா?"

"அப்ப வீட்டுக்கு எப்படிக்கா போறது?"

"பெரியக்கா முப்பது எடுக்கட்டும். பின்னாடியே நாமளும் போவோம்."

பெரியக்கா முப்பது எடுக்கும் நாளில் தன் பழங்களெல்லாம் காக்கை வயிற்றில் இருக்கும் என்று தொகிம் நினைத்துக்கொண்டாள்.

அந்த எண்களெல்லாம் இயக்குநர் நம்குங்கின் மேஜைக்குப் போயின. அவர் அவற்றைப் புள்ளிகளாக வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டார். போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். மறுநாள் மொத்த மருத்துவமனையையும் அரங்கில் கூட்டினார். நோயாளிகளையும் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"இந்தக் கோட்டைப் பாருங்கள்!" என்று ஆரம்பித்தார் நம்குங். "வயது ஏற ஏறக் காலின் தாங்குதிறன் ஏறுகிறது. ஒரு புள்ளிகூட விலகவில்லை. முப்பது வருட ஆராய்ச்சியில் இயற்கை இவ்வளவு நேராகக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அளந்தது நம் மருத்துவமனை என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை."

கைதட்டல்.

"நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சோயா விழுதை ஜாடியில் போட்டு வருடக்கணக்கில் வைத்தார்கள். ஏன்? பழசாகப் பழசாகத்தான் சத்து. தசையும் விழுதுதான் நண்பர்களே! இளம் தசை அவசரத்தில் போட்ட விழுது. புளிக்கும், நிற்காது. வெளிநாட்டார் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் ஜாடி கிடையாது."

அரங்கிலிருந்த நாற்பது மருத்துவர்களில் பாதிப் பேருக்காவது எங்கேயோ உதைத்தது. கடைசி வரிசையிலிருந்த இளம் மருத்துவர் தன் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கோட்டைப் பார்த்தார். மூத்தவர் கேள்வி கேட்காதபோது இளையவர் கேட்பது முறையில்லை என்பதால் கூட்டம் இனிதே முடிந்தது. முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கண்டுபிடிப்பு என்றால் அதை நடைமுறைப்படுத்த வேண்டாமா? மறுநாளே சிகிச்சை மாறியது. மூத்த கால்களுக்குக் கடும் பயிற்சி, இளைய கால்களுக்குப் பழுக்கும்வரை பூரண ஓய்வு. தொகிமின் நடைப்பயிற்சியை நிறுத்தி, அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுப்பக்கம் 'முதிராத கால், கவனம்' என்று ஒட்டினார்கள். அதைத் தள்ளுவதற்குக் காலில் பலமுள்ள ஆள் வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்துப் பெரியக்காவை நியமித்தார்கள். எண்பத்தொரு வயதுக்காரி அறுபத்து மூன்று வயதுக்காரியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க உள்ளூர்த் தொலைக்காட்சியிலிருந்து வந்து படம்பிடித்தார்கள்.

அதோடு விடவில்லை. அந்த அறையிலேயே குறைந்த எண் தொகிமுடையது. இவ்வளவு பலவீனமான கால் வீட்டில் தனியாக இருக்க முடியாது என்று குழு தீர்மானித்தது. மாதக் கடைசியில் முதியோர் மருத்துவமனைக்கு மாற்றல் என்று ஜேபொமுக்கும் தகவல் போய்விட்டது.

தொகிம் பதறிப்போய்ச் செரினைப் பிடித்தாள். "டீச்சரம்மா, ஒரே ஒரு தடவ திரையை இழுத்துவிட்டு என்ன மட்டும் தனியா சோதிச்சுப் பாருங்களேன். யாரும் பாக்காம இருந்தா நான் முப்பது என்ன, அறுபது போடுவேன்."

செரின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "எனக்குத் தெரியும்மா. ஆனா எங்க டிபார்ட்மெண்ட்ல நான்தான் கடைக்குட்டி. எனக்கு மேல இருக்கற ஏழு பேரும் வாய மூடிக்கிட்டு இருக்காங்க. நான் எப்படிச் சொல்ல?"

வேறு வழியில்லாமல் தொகிம் நேரே இயக்குநரிடமே போனாள். போனாள் என்றால், பெரியக்கா தள்ளிக்கொண்டு போய் அறை வாசலில் விட்டாள். நம்குங் அன்பாகக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நான் பதினேழுல நிறுத்துறது கால் வலிச்சு இல்லீங்க. மூத்தவங்களத் தாண்டிப் போறது மரியாதை இல்லைன்னு நிறுத்துறேன். அந்த ரூம்ல எல்லாருமே அப்படித்தான்."

"மரியாதையா?" நம்குங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல குணம்தான். ஆனா மரியாதைக்கு அலகு இல்லம்மா. கிலோவா, மீட்டரா? எதுல எழுதறது? அளக்க முடியாதது இந்தக் கட்டடத்துக்குள்ள கிடையாது. அப்புறம் திரை கேட்டீங்களாம். நம்ம சோதனை வெளிப்படையானது. எல்லாரும் எல்லாரையும் பாக்கணும். அதனாலதான் இவ்வளவு சுத்தமான கோடு கிடைச்சுது."

"அந்தக் கோடு தப்புங்க ஐயா."

"இந்தக் கோட்டுக்குப் பாராட்டு விழாவே வச்சாச்சு" என்றார் அவர், வருத்தத்தோடு.

திரும்பி வரும்போது தோட்டத்து நிழலில் பெரியக்கா நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தினாள். பெஞ்சில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். நரம்பு சுண்டி இழுத்து, கண்ணில் நீர் முட்டியது. தொகிம் சக்கர நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கி அந்தக் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து நீவிவிட்டாள். கால் காய்ந்த குச்சியாக இருந்தது.

"அக்கா, இந்தக் காலை வச்சுக்கிட்டா இருபத்திரண்டு போடறீங்க? பத்துல நிறுத்தக் கூடாதா? யாருக்குக் காட்டணும்?"

"போடி பைத்தியக்காரி! நான் பத்துல நின்னா நீ எங்க நிப்ப? அஞ்சுல நிப்ப. உங்களுக்கெல்லாம் எடம் வேணுமேன்னுதானே நான் உசுரக் குடுத்து இழுக்கறேன். முப்பது எடுத்துட்டா அஞ்சு பேரும் வீடு போய்ச் சேருவீங்களேன்னு பாக்கறேன். எழவு, இந்தக் கால் இருபத்திரண்டத் தாண்ட மாட்டேங்குது."

தொகிமுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெரியக்காவுக்காக மற்றவர்கள் நிறுத்துகிறார்கள், மற்றவர்களுக்காகப் பெரியக்கா இழுக்கிறாள். நடுவில் ஒரு டாக்டர் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நீங்க வீட்டுக்குப் போக வேணாமாக்கா?"

"எனக்கேது வீடு? வித்துப் பசங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு. ரெண்டு பேருமே ரொம்ப பிஸி. டிவியில என்னப் பாத்துட்டு ஃபோன் பண்ணுனாங்க, அம்மா சூப்பர்னு." பெரியக்கா மூக்கைச் சிந்தினாள். "உன் காம் மரம் எத்தன இருக்கும்? உரிக்கறது நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"உக்காந்துதான்க்கா. கால் எதுக்கு அதுக்கு? கை இருந்தாப் போதும்."

பெரியக்கா தன் காலைத் தொகிமின் மடியிலிருந்து இறக்கினாள். எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

துணை அமைச்சர் வந்த நாளன்று மருத்துவமனையில் தரைகூட மினுமினுத்தது. 'வயதே வலிமை' என்று புதுப் பதாகை. நேரம் குறைவு என்பதால் இரண்டே இரண்டு கால்களைக் காட்டுவதாக ஏற்பாடு. முதலில் மிக மூத்த கால், பிறகு மிக இளைய கால். வித்தியாசம் பளிச்சென்று தெரியுமாம்.

"மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களே, இப்போது ஓர் அதிசயத்தைப் பார்க்கப்போகிறீர்கள்" என்றார் நம்குங்.

வெள்ளைக் கையுறை பட்டையை ஏந்தி வந்தது. பெரியக்கா நெஞ்சில் கை வைத்து, காலைக்கொண்டு பொய் சொல்ல மாட்டேன் என்றாள். பெட்டி டக் என்றது. அவள் காலை ஒருமுறை நீட்டினாள், மடக்கினாள்.

"போதும்."

புகைப்படக்காரர்கூடக் கருவியை இறக்கிவிட்டார். நம்குங் சிரித்தபடி அவளிடம் குனிந்தார். "பாட்டி, ஒண்ணுதான் ஆச்சு."

"எனக்கு எண்ணத் தெரியும் தம்பி. எம்பத்தொண்ணு வயசுக் கால். ஒண்ணே பெரிசு." பட்டையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அறைக்கு உத்தரவு போடும் அதே குரலில் திரும்பினாள். "ஏய் கடைக்குட்டி! நான் சாப்பிட்டுக் கரண்டியைக் கீழ வச்சுட்டேன். இனி நீ சாப்பிடு. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் இருந்துது, தோலை உரிச்சிடுவேன்."

பெரியக்காவைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். பெரியக்கா சொன்னதை மீறக் கூடாது என்பது அதைவிடப் பெரிய வழக்கம். தொகிம் ஏறி உட்கார்ந்தாள்.

பதினேழு வந்தது, போனது. யாரும் இருமவில்லை. இருபத்திரண்டில் மல்சுக் எழுந்து நின்றாள். முப்பதில் ஐநூற்றேழாம் அறை முழுக்கச் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தது. தொகிம் நிறுத்தவில்லை. அவள் நினைப்பில் தோப்பு இருந்தது, ஏணி இருந்தது. ஐம்பது தாண்டியதும் துணை அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். எண்பதில் அவருக்காகக் காத்திருந்த விலாவெலும்பு சூப் ஆறிவிட்டதாக யாரோ வந்து காதில் சொன்னார்கள். நூறைத் தாண்டியபோது தாளப் பெட்டியின் பேட்டரி தீர்ந்தது. மல்சுக் கையைத் தட்டித் தாளம் கொடுத்தாள்.

"போதும்மா, நிறுத்துங்க!" என்றார் நம்குங்.

"நீங்க எந்த வருஷம் ஐயா?" என்றாள் தொகிம், காலை நிறுத்தாமல்.

"பா... பாம்பு வருஷம்."

"என்னவிட நாலு வயசு சின்னவர். பெரியக்கா சொல்லட்டும்."

பெரியக்கா பொறுமையாக, கூடியிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து முடித்த பிறகே, "போதும்டி, வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள். செரின் தன்னை மறந்து கைதட்டிவிட்டு, தனக்கு மேலே இருந்த ஏழு பேரும் தட்டாததைக் கண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நம்குங்கின் திறமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர் அரை நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களே, உண்மையான விஞ்ஞானம் என்றால் என்ன என்பதை நேரிலேயே பார்த்துவிட்டீர்கள். ஒரு மதிப்பு மிகத் தாழ்வு, ஒரு மதிப்பு மிக உயர்வு. இவற்றை விலகல் மதிப்புகள் என்கிறோம். பனிச்சறுக்குப் போட்டியில்கூட மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் நீக்கிவிட்டுத்தானே மதிப்பெண் போடுகிறார்கள்? இந்த இரண்டையும் நீக்கிவிட்டால், மிச்சமுள்ள நான்கு பேரிலும் கோடு முன்பைவிட நேராக இருக்கிறது!"

துணை அமைச்சர் சூப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் பலமாகக் கைதட்டினார். முஷ்டியை உயர்த்திப் படம்.

அன்று பிற்பகலே கணினியில் இரண்டு கால்களையும் நீக்கினார்கள். அந்த மருத்துவமனையில் எல்லாமே காலின் எண்ணில் பதிந்திருந்ததால், காலோடு கட்டிலும் போனது, மருந்தும் போனது, சாப்பாடும் போனது. மாலையில் ஐநூற்றேழாம் அறைக்கு நான்கு தட்டு வந்தது. தொகிம் கீழே இறங்கி வரவேற்பு மேஜையில் கேட்டாள். அங்கிருந்த இளைஞன் திரையை மேலும் கீழும் தேடினான்.

"அப்படி ஒரு நோயாளியே இல்லீங்களே."

"அப்ப நாங்க வீட்டுக்குப் போகலாமா தம்பி?"

"நோயாளி போகணும்னா சோதனையில பாஸ் ஆகணும். ஆனா..." அவன் தலையைச் சொறிந்தான். "இல்லாதவங்க போறதுக்கு எங்ககிட்ட விதி எதுவும் இல்லீங்க."

"முதியோர் மருத்துவமனைக்கு மாத்தல்னு சொன்னீங்களே?"

"இல்லாதவங்கள எப்படிங்க மாத்தறது?"

தொகிம் மேலே போய்ப் பெரியக்காவின் பையையும் சேர்த்துக் கட்டினாள். பெரியக்கா "என் பை எதுக்குடி?" என்றாள். கேட்டாளே தவிர, செருப்பைத் தேடிக் கால் ஏற்கெனவே கட்டிலுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கதவைச் செரின் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடுப்பு வளைய வணங்கினாள். மல்சுக் ஓடிவந்து ஒரு கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைத் திணித்துவிட்டு, "இப்ப நான் பத்தொன்பது வரைக்கும் போகலாம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள்.

சாங்ஜூவில் பனி இன்னும் விழவில்லை. பறிப்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். தாழ்வாரத்தில் பாய் விரித்து, நடுவில் பழத்தைக் குவித்து, இரண்டு பேரும் எதிரெதிரே கத்தியோடு உட்கார்ந்தார்கள். மகன் ஃபோன் செய்தான். அம்மாவை விசாரித்தால் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறார்களே என்று அலறினான். "நான் வீட்லதான்டா இருக்கேன், வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

முதல் நாள் மத்தியானம் பெரியக்காவின் சரம் மெதுவாக நீண்டது. தொகிமின் சரம் அதைவிட ஒரு பழம் குறைவாகவே நீண்டது. குவியல் குறையக் காணோம். பெரியக்கா இரண்டு சரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடியே, நீ எத்தன உரிச்ச?"

தொகிம் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களவிட ஒண்ணு கம்மிதான்க்கா."

"வெக்கங்கெட்டவளே! டாக்டர் வந்து இங்கயும் கோடு போடப்போறானா?" பெரியக்கா கத்தியை விசிறி எறிந்தாள். "போதும். நான் எழுந்தாச்சு. நீ சாப்பிடு."

சொல்லிவிட்டுத் தொகிமின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தொகிமின் கை பறந்தது. தோல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் பாதிக் குவியல் சரமேறிவிட்டது.

எறிந்த கத்தியை எப்போது எடுத்தாளோ, முதுகுக்குப் பின்னால் மெல்ல ஒரு கத்திச் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று, யார் காதிலும் விழக் கூடாது என்பதுபோல. உரித்த பழங்களைக் கிழவி தன் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துவைக்கிறாள், எண்ணிக்கையில் சேராமலிருக்க. தொகிம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒரு கூடைப் பழத்தைக் காலால் மெல்லப் பின்பக்கம் தள்ளிவைத்தாள்.